சர்க்ளிங் அப்ரோச், மிஸ்டு அப்ரோச்: சேர்வராயன் மலைப்பகுதி

கருவிகளின் துணையோடு ஒரு திசையிலிருந்து இறங்கிவரும் விமானம், ஓடுபாதை கண்ணில் பட்டதும் நிலையத்தைத் தாழ்வாகச் சுற்றிவந்து வேறொரு முனையில் தரையிறங்குவதே சர்க்ளிங் அப்ரோச். காற்று எதிர்முனைக்குச் சாதகமாக வீசும்போதும், மலை குறுக்கிட்டு ஒரு பக்கம் நேர்வழி அமையாதபோதும் இது தேவைப்படும். இடையில் ஓடுபாதை மறைந்துவிட்டால் இறங்குவதைக் கைவிட்டு மேலேறுவது மிஸ்டு அப்ரோச். ‘வானில் வட்டமடித்த விமானம், பயணிகள் பீதி’ என்று நாளிதழ்களில் வருவதில் பெரும்பகுதி, விமானி விதிப்படி நடந்துகொண்டதன் செய்திதான்.

வகைப்பாடு

ஓடுபாதை முனையைக் கடக்கும் வேகத்தை வைத்து விமானங்களைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஏ, பி, சி, டி முதலிய வகைகளாகப் பிரிக்கிறது. ஏடிஆர்-72 பி வகை. ஏர்பஸ் 320 சி வகை. ஒவ்வொரு ஓடுபாதை முனையையும் மையமாக வைத்து வில் வரைந்து, அவற்றைத் தொடுகோடுகளால் இணைத்தால் கிடைக்கும் பரப்பே பாதுகாக்கப்பட்ட எல்லை. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரமுள்ள நிலையத்தில் அந்த வில்லின் ஆரம் பி வகைக்கு ஏறக்குறைய 4.9 கி.மீ., சி வகைக்கு 7.8 கி.மீ., டி வகைக்கு 9.8 கி.மீ. தேவையான பார்வைத்தூரம் முறையே 2.8, 3.7, 4.6 கி.மீ.க்குக் குறையக் கூடாது. எல்லைக்குள் தடைகளுக்கு மேல் ஏ, பி வகைகளுக்கு 90 மீட்டரும், சி, டி வகைகளுக்கு 120 மீட்டரும் இடைவெளி உண்டு. எல்லைக்கு வெளியே எந்த உத்தரவாதமும் இல்லை. அமெரிக்க விதியில் சி வகைக்கு நெடுங்காலம் 3.1 கி.மீ. ஆரமே இருந்தது, 2012க்குப் பிறகே அதை அகலமாக்கத் தொடங்கினர்.

சேலம்

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் 1993இல் திறக்கப்பட்ட சேலம் விமான நிலையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே நேர்கோட்டில் சுமார் 15 கி.மீ. தொலைவில், சேர்வராயன் மலைமேல் 1,515 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. சேர்வராயன் கோயில் உச்சி 1,623 மீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் வெள்ளக்கடை, நாகலூர்ப் பக்கக் காப்பித் தோட்டங்கள் மேகத்துக்குள் கிடக்க, ஓமலூரில் வெயில் அடிப்பதும் உண்டு. ஓடுபாதை பளிச்சென்று தெரிகிறதே என்பதால் மலை தெரியும் என்று கொள்ள முடியாது. மிஸ்டு அப்ரோச் வழிகளைப் பொதுவாக 2.5 சதவீத ஏற்றத்தை வைத்தே வகுக்கிறார்கள். அந்தக் கணக்கில் 15 கி.மீ.க்கு 375 மீட்டர்தான் ஏற முடியும்; மலைக்கு 1,200 மீட்டர் வேண்டும். மலையை நோக்கி நேரே ஏறுவது ஆகாது, திரும்பியே தீரவேண்டும். சுற்றும்போது பார்வை மறைந்தால், ஓடுபாதை இருக்கும் பக்கமாகத் திரும்பிக்கொண்டே ஏறுவதுதான் விதி. அந்தத் திருப்பம் விமானத்தை எல்லைக்குள்ளேயே வைத்திருக்கும்.

விபத்துகள்

2002 ஏப்ரல் 15 அன்று தென்கொரியாவின் பூசானில் ஏர் சைனா போயிங் 767 சுற்றிவரும்போது மலையில் மோதி 129 பேர் இறந்தனர். 2010 ஜூலை 28 அன்று இஸ்லாமாபாத்தில் ஏர்புளூ ஏர்பஸ் 321 எல்லையைத் தாண்டி மார்கல்லா மலையில் மோதி 152 பேர் மாண்டனர். இரண்டிலும் தவறு விமானி அறையில்தான் நடந்தது. 2020 ஆகஸ்ட் 7 இரவு, மழையில் கோழிக்கோட்டில் முதல் முயற்சியைக் கைவிட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மறுமுனையில் பின்காற்றோடு இறங்கி, சுமார் 1,350 மீட்டர் தாண்டியே தரையைத் தொட்டது. துணை விமானி ‘கோ அரவுண்ட்’ (இறங்குவதைக் கைவிட்டு மேலேறு) என்று சொல்லியும் தலைமை விமானி ஏறவில்லை. 21 பேர் இறந்தனர்.

தற்போதைய நிலை

சேலத்தில் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் விமான நிறுவனம் தொடங்கிய சென்னைச் சேவை 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் மத்திய அரசின் உடான் பிராந்திய விமானச் சேவைத் திட்டத்தில் விமானங்கள் திரும்பின.