கறுப்பு மரத்தில் ஒரு போர்விமானம்

போர்விமான மாதிரி கட்டுவோர் இன்றும் கைவிடாத 72-இல் ஒரு பங்கு என்ற அளவை விளையாட்டுக் கணக்கென்று ஒதுக்க முடியாது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் இதே அளவில் 5,00,000 மாதிரிகளைச் செய்து தரும்படி கேட்டது. கறுப்பு வண்ணம் பூசிய அந்த மாதிரியை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், ஏறத்தாழ அரை மைலுக்கு அப்பால் பறக்கும் விமானத்தின் உருவம் கண்ணுக்குக் கிடைக்கும். விமானங்களை அடையாளம் காணும் பயிற்சிக்காகவே அவை: வருவது நம்முடையதா, பகைவனுடையதா என்று பீரங்கிக்காரர் நொடியில் முடிவெடுக்க வேண்டும். இறக்கையின் வளைவைத் தவறாகக் கற்றவர் சொந்த விமானத்தையே வீழ்த்திவிடலாம். துல்லியத்தின் மீதான பிடிவாதம் பரவியதில் இந்த அச்சத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பேன்.

போருக்கு முன்பே இந்த அளவு இருந்ததே என்று மறுக்கலாம். உண்மைதான். பிரிட்டனின் ஃபிராக் நிறுவனம் 1936-இலேயே ‘பெங்குவின்’ என்ற பெயரில் இதே அளவில் பிளாஸ்டிக் மாதிரிகளை விற்றது. ஆறடிக்கு ஓர் அங்குலம் என்பது அங்குலத்தில் கணக்குப் போடுவோருக்கு வசதி. அளவு கடையிலிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கடை வணிகம் போருக்குப் பிறகும் துல்லியத்தைப் பொருட்படுத்தவில்லை: 1953-இல் ஏர்ஃபிக்ஸ் என்ற மற்றொரு நிறுவனம் வெளியிட்ட முதல் ஸ்பிட்ஃபயர் போர்விமான மாதிரியின் வடிவத்திலேயே பிழைகள் இருந்தன. ஆணித்தலையையும் எண்ணெய்க் கறையையும்கூட விடாத இன்றைய நுணுக்கக்காரர்களுக்கு அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் கறுப்பு மரத்துண்டுகளே மூத்த உறவு. அவற்றில் விமானி அமரும் அறைகூடக் குடையப்படவில்லை.