அலுமாரியும் திரையும்

சுற்றுத் தோட்டங்களிலிருந்து பெல்மதுளைக்கு நடந்தும் பஸ்ஸிலும் வந்து படித்த நமக்கு நூலகம் என்றால் ஒரு கண்ணாடி அலுமாரிதான். சாவி டீச்சரிடம் இருக்கும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு புத்தகம். அடுத்த வெள்ளிக்குள் அது லயத்தில் நாலு வீடு சுற்றிவிடும். விளக்குப் புகை படிந்த பக்கத்துக்காக ஏச்சு வாங்காதவர் நம்மில் குறைவு.

தாளுக்கும் ஆயுள் நிச்சயமில்லை என்பதை 1981 காட்டியது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறு பிரதி இல்லாதவை போனவைதான். அந்தப் பயம் நீங்காத தன்னார்வலர்கள் 2005இல் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கேன் செய்து இலவசமாகத் தந்தார்கள். மலையக எழுத்துகளும் அதில் சேர்ந்தன. நடேசய்யரோடு தோட்டத் தொழிலாளர் மத்தியில் சென்று பாடிய மீனாட்சி அம்மையை நம் வகுப்பறையில் யாரும் சொல்லித் தரவில்லை. அவரை நாம் அறிந்தது திரையில்தான்.

ஆனாலும் படிப்பதற்குத் தாளையே தேடுகிறோம். 1996இல் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது. பின்னாளில் அங்கும் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் போன நம் தங்கச்சிமார் புத்தகத்தைத் தேடுவது கைத்தொலைபேசியில். பரீட்சை நெருங்கினால் ஓடுவது கொமினிகேஷன் கடைக்கு, போட்டோ கொப்பி எடுக்க. கோடு போட்டுப் படித்தால்தான் மனதில் நிற்குமாம். கிழவிகளின் பிடிவாதம் என்று இனி நம்மைச் சொல்ல முடியாது! 21 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக மாணவரிடம் கேட்ட ஓர் ஆய்விலும் பெரும்பாலோர் பாடநூலை அச்சிலேயே படிக்க விரும்பினர்.

விருப்பம் வேறு, வசதி வேறு. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. போட்டோ கொப்பி விலையைக் கேட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு டேட்டாவும் காசு, தாளும் காசு.

இம்மலரை அச்சில் போடுவதா, கணினிக் கோப்பாக அனுப்புவதா என்று சங்கக் கூட்டத்தில் நீண்ட வாக்குவாதம். கனடாவில் இருக்கும் பிள்ளைகள் கோப்பைக் கேட்டார்கள், ஊரில் இருப்பவர்கள் புத்தகத்தை. இரண்டையும் செய்கிறோம். பழைய மலர்களையும் ஸ்கேன் செய்ய எடுத்தோம். ஒன்றில் நடுப்பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. அதில்தான் ஆரம்பகால மாணவியரின் பெயர்கள் இருந்தன. உங்கள் வீட்டுப் பெட்டியில் இன்னொரு பிரதி இருந்தால் தாருங்கள். ஸ்கேன் செய்து பத்திரமாகத் திருப்பித் தருவோம்.