கரைக்குக் கீழே வந்த வீடுகள்

ஆஸ்டினுக்கு வடக்கே, டெக்சஸின் வில்லியம்சன் கவுன்ட்டியில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் நீளமான ஒரு புல்மேடு இருக்கிறது. குடிவந்த முதல் ஆண்டு முழுக்க அதைப் பூங்காவின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன். செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரையில் விளையாடி வளர்ந்தவன் அப்படி நினைத்தது வெட்கம்தான். பெருமழைக்கு மறுநாள் மேட்டின் மேல் ஏறிப் பார்த்தேன். மறுபுறம் தண்ணீர் நின்றது. அதன் நடுவே ஒரு கான்கிரீட் பெட்டி தலைநீட்டிக்கொண்டிருந்தது. நான் நிற்பது கரை என்று அப்போதுதான் உறைத்தது. கரைக்குக் கீழே எங்கள் தெரு.

நம் ஊர் ஏரி தண்ணீரைச் சேர்த்து வைக்க வெட்டப்பட்டது. இந்த அணைக்கு வேலை வேறு. பெரும்பாலான நாட்களில் அதில் ஒரு குட்டை அளவுக்கே நீர் இருக்கும். கனமழை பெய்தால் ஓடை வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி, அந்தக் கான்கிரீட் பெட்டி வழியாகவும் கரையின் அடியில் போகும் குழாய் வழியாகவும் பல நாட்கள் எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே விடும். அதற்கும் மிஞ்சி வந்தால் ஓரத்தில் புல் வளர்த்த அகலமான வாய்க்கால் ஒன்று உண்டு. நாம் கலிங்கு என்போமே, அதுதான். மதகும் கலிங்கும் தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க அதிகமில்லை. ஒன்று மட்டும் மாறுபாடு: நம் கரைகளில் பனை நிற்கும், இங்கே கரையில் மரமே கூடாது. செத்த வேர் மக்கிப்போனால் அந்தத் துளை தண்ணீருக்கு வழியாகிவிடும் என்பது இவர்கள் கணக்கு.

இந்த மாதிரி அணைகள் ஏன் வந்தன என்பதற்கு இதே கவுன்ட்டியில் ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1921 செப்டம்பரில் திரால் என்ற சிற்றூரில் 24 மணி நேரத்தில் 38 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஒரே நாளில். அந்தப் புயல்மழையில் டெக்சஸில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 1934 ஏப்ரலில் பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவில் வாஷிடா ஆறு பெருகி ஹாமன் ஊரருகே 17 பேரைக் கொண்டுபோனது. பெரிய ஆற்றில் பெரிய அணை கட்டுவது ராணுவப் பொறியாளர்களின் வழி. வெள்ளம் பிறக்கும் சின்ன ஓடையிலேயே அதைப் பிடிக்க வேண்டும் என்றது 1935இல் உருவான மண்வளப் பாதுகாப்புத் துறை. 1944இல் சட்டம் 11 ஆற்றுப் படுகைகளில் அதற்கு இடம் கொடுத்தது. 1948இல் ஓக்லஹோமாவின் கார்டெல் அருகே கிளவுட் கிரீக்கில் முதல் அணை எழுந்தது. 1954இல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு நாடெங்கும் பரவி, இன்று 47 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 அணைகள். எங்கள் பிரஷ்ஷி கிரீக்கின் மேல்பகுதியில் மட்டும் 23.

அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அன்று குறித்த ஆயுள் 50 ஆண்டு. அதற்குள் வண்டல் சேர்ந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். கீழே இருந்தவை பருத்தி வயலும் மேய்ச்சல் நிலமும். அணை உடைந்தால் ஒரு போகமும் சில வேலிகளும் போகும், உயிர் போகாது. அந்த அளவுக்கே கரையின் உயரமும் கலிங்கின் அகலமும் வைத்தார்கள். அது கஞ்சத்தனம் அல்ல, அன்றைய நிலவரத்துக்கு நியாயமான கணக்கு.

பிறகு நாங்கள் வந்தோம். 1990களில் டெல் நிறுவனம் ரவுண்ட் ராக்குக்கு இடம் பெயர்ந்தது. மற்றக் கணினி நிறுவனங்களும் சுற்றிலும் பெருகின. பருத்தி நிலம் மனைகளாயிற்று. கோவில், தமிழ்ப்பள்ளி, இட்லி மாவு விற்கும் கடை எல்லாம் வந்தன. கரை ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் அரசுப் பதிவேட்டில் இப்படிப்பட்ட அணைகள் ஒவ்வொன்றாகக் ‘குறைந்த அபாயம்’ என்ற வகையிலிருந்து ‘அதிக அபாயம்’ என்ற வகைக்கு ஏறின. இந்தச் சொல்லைக் கேட்டு அணை விரிசல் விட்டுவிட்டதாகப் பயப்படுபவர்கள் உண்டு. வகை பிரிப்பது அணையின் உடல்நிலையை வைத்து அல்ல, உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து. அதிக அபாயம் என்பது எங்களைக் குறிக்கும் சொல்.

மண் கரை இரண்டு விதமாகப் போகும். தண்ணீர் மேலேறி வழிந்து அரித்துவிடும். அல்லது குழாயை ஒட்டியோ எலி வளை வழியாகவோ உள்ளுக்குள்ளேயே மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். கசிவு தெளிவாக வந்தால் கண்காணிக்க நேரம் இருக்கிறது. கலங்கி வந்தால், ஓட வேண்டிய நேரம். 1977 நவம்பர் 6, ஜார்ஜியாவின் டொக்கோவாவில் கெல்லி பார்ன்ஸ் என்ற சிறிய மண் அணை நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு உடைந்து, கீழே இருந்த பைபிள் கல்லூரி வளாகத்தில் 39 பேரைக் கொன்றது. கந்தளாய்க் குளம் 1986இல் விடியுமுன் உடைந்ததை அறிந்தவர்களுக்கு அந்த இரவை விவரிக்க வேண்டியதில்லை. டொக்கோவாவுக்குப் பிறகுதான், ஜார்ஜியாவின் ஆளுநராக இருந்த அதிபர் கார்ட்டர், நாடெங்கும் அபாயம் மிகுந்த அணைகளைச் சோதிக்க உத்தரவிட்டார். ஐந்து ஆண்டுக்கு முன்பே, 1972இல், அதற்கான சட்டம் நிறைவேறியிருந்தது. அதை முழுமையாகச் செயல்படுத்தப் பணம் ஒதுக்கப்படவில்லை.

ஓடை அணைகளின் கதையிலும் பணம்தான் முடிச்சு. கட்டப் பணம் கொடுத்தது மத்திய அரசு. பராமரிப்பு உள்ளூர் மண்வள வட்டங்களின் பொறுப்பு. நிலம் பெரும்பாலும் தனியாருடையது. வட்டத்திடம் புல் வெட்டவே பணம் இருக்காது, துருப்பிடித்த குழாயை மாற்ற எங்கே போகும்? 2000இல்தான் புதுப்பிக்கும் செலவில் 65 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கலாம் என்று சட்டம் வந்தது. மீதி 35ஐத் திரட்ட முடிந்த ஊர்கள் முன்னால் போயின. எங்கள் பகுதி அதில் ஒன்று. இங்கே அணைகளுக்கென்றே ஒரு நீர்க் கட்டுப்பாட்டு வட்டம் உண்டு. பல அணைகளைப் புதுப்பித்தும் இருக்கிறது. மேற்கே ஆளில்லாத கவுன்ட்டிகளில் அப்படி வரி போட வீடுகள் இல்லை.

வீடு வாங்கும்போது முகவர் வெள்ள வரைபடத்தைக் காட்டி, ‘நீங்கள் வெள்ளப் பகுதிக்கு வெளியே’ என்றார். பொய்யில்லை. அந்த வரைபடம் மழையையும் ஓடையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, அணை உடைவதை எடுத்துக்கொள்வதில்லை என்பதை நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

போன ஆண்டு சொத்து வரிச் சீட்டு வந்தபோது நண்பர் ஒருவர் தொலைபேசியில் ஒவ்வொரு வரியாக வாசித்துத் திட்டிக்கொண்டிருந்தார். நீர்க் கட்டுப்பாட்டு வட்டம் என்ற வரிக்கு வந்ததும், “இது எதுக்கு அண்ணா? தண்ணிக்குத்தான் தனியா பில் கட்டுறமே” என்றார். அவர் வீடு எங்கள் வீட்டைவிடக் கரைக்கு அருகில். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்க வாருங்கள், காட்டுகிறேன் என்றேன்.