அரக்கோணம் ரயில்வே குடியிருப்பும் அதன் பிள்ளைகளும்

சிற்றூராயிருந்த அரக்கோணத்தை நகரமாக்கியது இருப்புப்பாதையே. 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதற் பயணிகள் வண்டி ஓடியபோது, அது கடந்து சென்ற ஊர்களுள் ஒன்றாகவே அரக்கோணம் இருந்தது. 1865இல் இங்கிருந்து காஞ்சிபுரத்திற்கு மூன்றடி ஆறங்குல அகலத்தில் ஒரு சிறுபாதை இடப்பட்டது. திருத்தணி வழியாக வடமேற்கே சென்ற பாதை 1871இல் ரெய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு இணைந்தது. பம்பாய்க்கும் மேற்குக் கடற்கரைக்கும் செல்லும் வண்டிகள் பிரியும் சந்திப்பாக ஊர் மாறியதும், வண்டிகளைச் செலுத்தவும் பழுது பார்க்கவும் பாதையைக் காக்கவும் ஆட்கள் வந்து குடியேறினர். பாலங்களுக்கான இரும்புத் தூலங்களையும், பாதை பிரியுமிடங்களில் பொருத்தும் தண்டவாள உறுப்புகளையும் செய்யும் பொறியியல் பணிமனையும் இங்கே அமைந்தது. சென்னை ரயில்வே 1908இல் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயில் அடங்கியது. அதுவும் 1951இல் தென்னக ரயில்வேயில் அடங்கியது. முதலாளி மாறினாலும் குடியிருப்பு மாறவில்லை.

தொழிலாளர் வரலாறு எழுதுவோர் கூலி, வேலைநேரம், சங்கம், வேலைநிறுத்தம் ஆகியவற்றை விரித்துரைப்பர். அத்தொழிலாளியின் வீட்டில் வளர்ந்த பிள்ளை எதைக் கண்டது, எதைக் கற்றது என்பதற்கு அவர்களது நூல்களில் இடம் அருகியே காணப்படும். ஆலைச் சட்டங்களை நோக்கினால் பிள்ளைகள் வயதாக மட்டுமே தென்படுகின்றனர். 1881ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயது நிரம்பிய பிள்ளையை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம் என்றது. 1891இல் அது ஒன்பது வயது, ஏழு மணி நேரம் என்றாயிற்று. 1922இல் பன்னிரண்டு வயது, ஆறு மணி நேரம். ரயில்வே குடியிருப்பின் பிள்ளைகளுக்கு இந்த வரிகளிலும் இடமில்லை. அவர்களுட் பெரும்பாலோர் கூலிக்குச் சென்றவர் அல்லர். ஆயினும் தந்தையின் வேலை அவர்களுடைய நாளை முழுவதும் ஆண்டது.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை ஒட்டிய சால்ஃபோர்டு என்னும் தொழில் நகரில் 1905இல் பிறந்த ராபர்ட் ராபர்ட்ஸ், தாம் வளர்ந்த தெருவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ‘தி கிளாசிக் ஸ்லம்’ என்னும் அந்நூல் 1971இல் வெளிவந்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். அவருடைய தாயார் தெருமுனையில் கடை நடத்தியவர். எவருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கூடாது என்பதைக் கடையினுள்ளிருந்தே கண்டு வளர்ந்த சிறுவன், வெளியார் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தோன்றிய தொழிலாளர் கூட்டத்திற்குள் எத்தனை படிகள் உள்ளன என்பதை அறிந்துகொண்டான். கைத்தொழில் கற்றவன் ஒரு படி. கூலியாள் அதற்குக் கீழ். வேலையற்றவன் இன்னும் கீழ். தொழிலாளர் ஒற்றுமையைப் போற்றி எழுதுவோர் இந்தப் படிகளைக் காட்ட விரும்புவதில்லை. ராபர்ட்ஸ் அவற்றைக் காட்டினார். அவரது நூலின் பெருமதிப்பு இதிலேயே உள்ளது எனலாம்.

அப்படிகளைச் சால்ஃபோர்டில் கடைப்பலகையின் பின்னிருந்து ஊகிக்க வேண்டியிருந்தது. ரயில்வே குடியிருப்பிலோ அவற்றைச் செங்கல்லிலேயே கட்டி வைத்திருந்தனர். அதிகாரிக்குத் தோட்டத்தோடு கூடிய பங்களா. ஓட்டுநருக்கும் கார்டுக்கும் தனி வீடு. எழுத்தருக்கு அதனினும் சிறியது. கலாசிக்கும் பாயின்ட்ஸ்மேனுக்கும் ஓரறை வரிசை வீடுகள். கேங்மேனுக்கோ பாதையோரத்துக் குடிசை போன்ற கட்டடம். எந்த வரிசையில் வீடு என்று கேட்டாலே தந்தையின் சம்பளம் தெரிந்துவிடும். இலவசப் பயணச் சீட்டிலும் வகுப்பு எழுதப்பட்டிருந்தது. ஆகவே, ஓர் ஊருக்குச் சேர்ந்து புறப்பட்ட இரு பிள்ளைகள் வெவ்வேறு பெட்டிகளில் ஏறவேண்டியிருந்தது. அரிச்சுவடிக்கு முன்பே பிள்ளைகள் படித்த பாடம் இது. மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974இல்தான் நீக்கப்பட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இப்படிகளுக்கு நிறமும் இருந்தது. விரைவு வண்டிகளின் ஓட்டுநர் பதவி நெடுங்காலம் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் கைகளிலேயே இருந்தது. நிலக்கரி வாரிப் போடும் வேலை இந்தியருடையது. அரக்கோணத்திலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன. ஒரு புறம் கிறிஸ்துமஸ் நடனம். மறுபுறம், ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகைக் காவடி. ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைத் துரைமாரின் வாசலில் எலுமிச்சம் பழத்தோடு நின்று வாழ்த்துக் கூறும் வழக்கம் அந்நாளில் இருந்தது. துரையை வணங்குவதை விடுத்துத் தணிகைத் துரையை வணங்குக என்று வள்ளிமலைச் சுவாமிகள் தொடங்கிவைத்த படித்திருவிழா, டிசம்பர் 31 இரவில் 365 படிகளுக்கும் பூசையாக இன்றும் நடைபெறுகிறது. துரையிடம் வேலை பார்த்தவர்கள் நிறைந்த ஓர் ஊருக்கு அருகில் இந்த மாற்று தோன்றியது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 336ஆம் பிரிவு ரயில்வே முதலிய துறைகளில் ஆங்கிலோ இந்தியருக்கிருந்த ஒதுக்கீட்டைப் பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைத்து முடிவுக்குக் கொணர்ந்தது. நாடெங்கும் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து பல குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தன. பள்ளித் தோழன் ஒரு நாள் கப்பலேறிப் போய்விடுவதும் அக்காலத்துப் பிள்ளைகளின் அனுபவங்களுள் ஒன்றாயிற்று.

குடியிருப்பில் நேரத்தைச் சொன்னது பணிமனைச் சங்கு. அடுப்பு மூட்டுவது, பள்ளிக்குக் கிளம்புவது, தந்தைக்கு அடுக்குப் பாத்திரத்தில் சோறு கொண்டு செல்வது எல்லாம் சங்கொலிக்கு உட்பட்டவை. வண்டியோடு செல்வோர் வீட்டில் அந்த ஒழுங்கும் இல்லை. நீராவிக் காலத்து லோகோ ஷெட்டுகளில் ‘கால் பாய்’ என்றொரு பணியாள் இருந்தான். நள்ளிரவானாலும் வீடு தேடி வந்து கதவைத் தட்டி, இன்ன வண்டிக்கு இன்ன நேரம் என்று சொல்லிக் கையொப்பம் வாங்கிச் செல்வது அவன் வேலை. தந்தை பகலில் உறங்கினால் வீட்டில் பேச்சே எழக்கூடாது. பதினான்கு மணி நேரத்திற்கும் மேலாக எஞ்சினில் நின்று கரிபடிந்து திரும்பியவரைப் பிள்ளைகள் உறங்கும் முகமாகவே அதிகம் அறிந்திருந்தனர். இந்நிலைக்கு எதிராக ஓட்டுநரும் ஃபயர்மேன்களும் 1973 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த பின்னரே, பணி பத்து மணி நேரத்திற்குள் அமையும் என்ற உறுதிமொழி கிடைத்தது. உறுதிமொழி எந்த அளவுக்கு நிறைவேறிற்று என்பது வேறு கதை.

எஞ்சின் கொட்டிய சாம்பலில் வேகாத கரித்துண்டுகளைப் பொறுக்குவது பெண்டிர்க்கும் சிறார்க்கும் உரிய வேலை. காவலர் விரட்டுவர், மறுநாளும் போவார்கள். சட்டத்தின் கண்ணில் அது திருட்டு, வீட்டுக் கணக்கில் அது விறகுச் செலவு. சால்ஃபோர்டுச் சிறுவர்களுக்கும் இது புதிய செய்தியாக இருந்திராது.

தமிழில் ரயில்வே குடும்பத்துப் பிள்ளையின் பார்வை இலக்கியமாகியிருப்பது அசோகமித்திரனிடத்தில். சிகந்தராபாத்தில் நிஜாம் ரயில்வே ஊழியரின் மகனாக வளர்ந்த அவர், ‘18வது அட்சக்கோடு’ நாவலில் அக்குடியிருப்பையும் ஐதராபாத் இந்தியாவோடு இணைந்த நாட்களையும் ஓர் இளைஞனின் கண்வழிக் காட்டினார். அரக்கோணம், பெரம்பூர், பொன்மலை, ஜோலார்பேட்டை ஆகிய ஊர்களுக்கும் அத்தகைய ஓர் எழுத்து வேண்டியதே.

அவ்வாறு எழுதப் புகுவோர் தவிர்க்கவியலாத நாட்கள் 1974 மே 8 முதல் 27 வரையிலானவை. ஏறத்தாழ 17 லட்சம் ஊழியர் கொண்ட இந்திய ரயில்வேயில், ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நடந்த வேலைநிறுத்தம் அது. தலைவர்கள் முன்னதாகவே கைது செய்யப்பட்டனர். பல்லாயிரவர் சிறை சென்றனர். நாட்டின் பல பகுதிகளில் போலீசார் குடியிருப்புகளுக்குள் புகுந்தனர். தொழிலாளர் குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. வேலையோடு வீடும் நிர்வாகத்தின் கையில் இருந்தது என்பதன் பொருள் பிள்ளைகளுக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டு வரிசைகளால் பிரிந்து கிடந்தவர்கள் அந்த இருபது நாட்களில் ஒன்றாக நின்றனர் என்பது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் எல்லாரும் நிற்கவில்லை. வேலைக்குச் சென்றோரை நிர்வாகம் ‘விசுவாச ஊழியர்’ எனப் பதிவு செய்து முன்கூட்டிய ஊதிய உயர்வு வழங்கியது; அவர்தம் பிள்ளைகளுக்கு ரயில்வேயில் வேலை வழங்கும் சலுகையும் அளிக்கப்பட்டது.

இச்சலுகை வரலாற்று நூல்களில் ஓர் அடிக்குறிப்பு அளவே பெற்றிருப்பது வியப்பிற்குரியது. தந்தை மே மாதத்தின் ஒரு காலைப்பொழுதில் எடுத்த முடிவு, மகனுடைய வாழ்நாள் சம்பளத்தைத் தீர்மானித்தது. அதுவரை வீட்டின் அளவில் இருந்த பிரிவு, அடுத்தடுத்த வீடுகளுக்கிடையே புகுந்தது. வேலை இழந்தவர் வீட்டில் பிள்ளையின் படிப்பு நின்றது; பக்கத்து வீட்டில் நியமன ஆணை வந்தது. இரு பிள்ளைகளும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள்.

1977இல் ஜனதா அரசு, வேலை நீக்கப்பட்டோரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 1979இல் ரயில்வே ஊழியர்க்குப் போனஸ் கிடைத்தது. வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் அதுவும் ஒன்று. நின்றவர், நிற்காதவர் இருவர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் புத்தாடை வாங்கினர். 1982இல் அரக்கோணத்தில் மின்சார எஞ்சின் பணிமனை வந்தது. கரி பொறுக்கிய பிள்ளைகள் அதற்குள் வேலை தேடும் வயதை எட்டியிருந்தனர்.