பனி காத்த சுவாசகோசம்

அலாஸ்காவின் மேற்குக் கரையில், இன்று பிரெவிக் மிஷன் என்று வழங்கும் இனுப்பியாக் மக்களின் சிற்றூரில், 1918ஆம் வருஷம் நவம்பர் 15ஆம் தேதி தொடங்கி ஐந்தே தினங்களில், வயது வந்தோர் 80 பேரில் 72 பேரை இன்புளுயன்சா ஜுரம் வாரிக்கொண்டு போயிற்று. நம் தேசத்திலும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த ஜுரத்தில் வைத்தியர்களைத் திகைக்க வைத்தது, குழந்தைகளையும் விருத்தர்களையும் மட்டுமன்றி, இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரர்களையும் அது கூட்டங்கூட்டமாய் மாய்த்ததேயாகும். முகம் நீலம் பாரித்து மாண்டவர்களின் தேகத்தைத் திறந்து பார்த்தபோது, கடற்பஞ்சைப் போல் காற்றேந்தி லேசாய் இருக்க வேண்டிய சுவாசகோசம், இரத்தங் கலந்த நுரைநீர் கட்டிக் கனத்துக் கிடந்தது.

அவ்வூரார் உறைமண்ணில் அடக்கம் செய்த பிரேதங்களில் நோய்க்கிருமி அழியாதிருக்கக் கூடும் என்று கருதி, 1951இல் ஜோஹான் ஹுல்டின் என்ற ஸ்வீடன் தேசத்து வாலிபர், ஊர்ப் பெரியோரின் சம்மதம் பெற்று, நெருப்பு மூட்டி மண்ணை இளக்கித் தோண்டினார்; எடுத்துச் சென்ற சுவாசகோசத் துண்டுகளிலிருந்து கிருமி உயிர் பெறவில்லை. 46 வருஷங்கள் கழித்து, தம் 72ஆம் பிராயத்தில், மனைவியின் தோட்டக் கத்திரிக்கோலையும் எடுத்துக்கொண்டு தம் சொந்தச் செலவில் அவர் மறுபடியும் அங்கே வந்தார். சுமார் ஏழடி ஆழத்தில், கொழுத்த சரீரமுடைய ஒரு ஸ்திரீயின் சுவாசகோசத்தை உறைமண்ணும் அவளுடைய கொழுப்பும் சேர்ந்து கெடாமல் காத்திருந்தன. குழியை மூடியபின், சிதைந்து போயிருந்த பழைய சிலுவைகளுக்குப் பதிலாகப் புதியவற்றைத் தம் கையாலேயே செய்து நாட்டிவிட்டு அவர் ஊர் திரும்பினார் என்பதை எண்ணும்போது என் நெஞ்சம் நெகிழ்கிறது.

அவர் எடுத்து அனுப்பிய அச்சுவாசகோசத் துண்டுகளிலும் வேறு சில பழைய மாதிரிகளிலும் சிதறிக் கிடந்த, கிருமியின் மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. இழைகளைக் கோத்து, ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி டாபன்பெர்கர் குழுவினர் 2005இல் கிருமியின் முழு மரபையும் வாசித்து முடித்தனர். அவ்வாசகத்தைக் கொண்டு மீண்டும் ஆக்கிய கிருமியைக் கனடாவில் குரங்குகளுக்கு ஏற்றிச் சோதித்த முடிவு 2007இல் வெளிவந்தது: கிருமியைத் தடுக்கச் சுரக்கும் சைட்டோகைன் என்னும் பொருள்கள் கட்டுமீறிப் பெருகியிருந்தன. வேலியே பயிரை மேய்ந்திருந்தது.

இப்படிக் கட்டுமீறிய சைட்டோகைன்களும் புரதங்களே. ஒரு புரதத்தை ஆக்கும் செய்தியை இரட்டையிழை ஆர்.என்.ஏ. கொண்டு மௌனமாக்கலாம் என்று ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் ஒரு சிறு புழுவில் காட்டியிருந்தனர். அந்த வித்தையில் பிறந்த முதல் ஔஷதம், கல்லீரலில் வேலை செய்வது, 2018இல் அங்கீகாரம் பெற்றது. கொரோனா காலத்தில், 2020இல், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணத்தை மூன்றிலொரு பங்கு குறைத்த டெக்ஸாமெதசோன், எதிர்ப்புச் சக்தியைப் பரவலாக அடக்குவது; ஆர்.என்.ஏ.யோ, மிகுந்து சுரக்கும் ஒரு சைட்டோகைனின் செய்தியை மட்டும் நிறுத்தவல்லது என்பதாலேயே ஆராய்ச்சியாளர் அதை நாடுகின்றனர். ஆயினும், வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.யைத் தேகம் கிருமியின் அடையாளமாகவே எண்ணிச் சீறும். அதன் எழுத்துக்களில் ஒன்றைச் சற்றே மாற்றினால் அச்சீற்றம் தணியும் என்று காட்டலின் கரிகோவும் ட்ரூ வெய்ஸ்மனும் 2005இல் கண்டனர். சளிப்படலத்தைத் தாண்டி, வழியில் சிதையாமல், மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்தாக அதனைச் சுவாசகோசத்தின் ஆழத்துக்குச் சேர்ப்பிக்கும் உபாயத்தையே ஆய்வுக்கூடங்கள் இன்று தேடிக்கொண்டிருக்கின்றன.