சுழலும் துகளும் ஒரு பெங்களூர்க் கட்டுரையும்

ஒரு சொட்டுத் தண்ணீர். அதில், தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு சிறிய கால்சைட் துகள் ஒன்று மிதக்கிறது. லேசர் கற்றையை நுண்ணோக்கி வழியாக ஒரு புள்ளியில் குவித்தால், துகள் அந்த வெளிச்சத்திலேயே சிக்கி நின்றுவிடும். பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கினும் அவருடைய கூட்டாளிகளும் 1986இல் செய்துகாட்டிய ஒளி இடுக்கி இதுதான். அதற்காக 2018இல் நோபல் பரிசு வந்தபோது ஆஷ்கினுக்கு வயது 96. இனி அந்தக் கற்றையின் அதிர்வு, திருகாணி போலச் சுழன்றபடி முன்னேறுமாறு செய்தால், சிக்கிய துகளும் சுழலத் தொடங்கும். 1998இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் அதை நொடிக்குச் சுமார் 350 முறை சுழலவைத்தார்கள். கை படவில்லை, கருவி படவில்லை. பட்டது வெளிச்சம் மட்டும்.

இதற்கான தொடக்கக் கணக்குகளில் ஒன்று அச்சானது லண்டனில். பர்மிங்காம் பேராசிரியர் ஜான் ஹென்றி பாயிண்டிங், 1909இல் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார்: சுழலும் இரும்புத் தண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முறுக்கத்தைக் கடத்துவது போல, இப்படிப்பட்ட ஒளியும் கடத்த வேண்டும். ஆனால் அந்த விளைவு மிகமிகச் சிறியது, அதை அளக்க முடியும் என்று அவரே நம்பவில்லை. மெல்லிய இழையில் தொங்கவிட்ட குவார்ட்ஸ் தகட்டை ஒளியால் திருப்பி, 1936இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெத் அதை அளந்தார்.

இடையில் நம்மவர் ஒருவர் வருகிறார். சி.வி. ராமன் என்றால் நமக்குக் கடலின் நீலமும் 1930ஆம் ஆண்டு நோபலும்தான். அதற்கு அடுத்த ஆண்டே அவரும் பகவந்தமும், ஒளித்துகளின் தன்சுழற்சிக்குச் சோதனைச் சான்று கிடைத்துவிட்டதாகக் கல்கத்தாவிலிருந்து எழுதினார்கள். மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது ஒளி அதனோடு சுழற்சியைக் கொடுத்து வாங்குகிறது என்பது அவர்கள் வாதம். இதைப் பற்றி ஊரில் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததாக நினைவில்லை.

என்னை அதிகம் பிடித்து நிறுத்துபவர் ராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்தினம். 1956இல், 22 வயதில், பெங்களூரில் படிகங்கள் வழியே ஒளி செல்வதை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் கண்டதை நம் ஊர்க் கிரீனிச் கோட்டை வைத்தே விளக்கலாம். அந்தக் கோடு நிலநடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வடக்கு நோக்கி ஒரு ஈட்டியைப் பிடியுங்கள். ஈட்டியைத் திருப்பாமலே வடதுருவம்வரை நடந்து, வேறொரு தீர்க்கரேகை வழியாக இறங்கி, நிலநடுக்கோட்டின் வழியே புறப்பட்ட இடத்துக்கு வாருங்கள். ஈட்டி இப்போது வடக்கைக் காட்டாது. ஒளியின் அதிர்வு நிலைகளையும் ஒரு கோளத்தின் புள்ளிகளாகக் குறிக்கலாம். மூன்று நிலைகளைக் கடந்து பழைய நிலைக்கே திரும்பும் ஒளியின் அலைக்கட்டம் மாறியிருக்கும். எவ்வளவு? கோளத்தின் மையத்தில் அந்த முக்கோணம் அமைக்கும் திண்மக் கோணத்தில் பாதி.

கட்டுரை வந்தது இந்திய அறிவியல் கழகத்தின் இதழில். இந்திய ஆய்வு இந்திய மண்ணிலேயே அச்சாக வேண்டும் என்று ராமன் 1934இல் நிறுவிய கழகம் அது. பிறகு முப்பது ஆண்டு மௌனம்.

பெங்களூர் இதழை யார் படிப்பார்கள் என்று சொல்வது எளிது. நம் கூட்டங்களில் இதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பஞ்சரத்தினம் 1964இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கே வந்துவிட்டார். அங்கேயே 1969 மே மாதத்தில், 35 வயதில் காலமானார். அவருடைய கட்டுரைகளை 1975இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் தொகுத்தும் வெளியிட்டது. இங்கிலாந்தின் நூலகங்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் யாருக்கும் அது தேவைப்படவில்லை. மென்பொருள் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன்: எப்போதோ ஒருவர் எழுதிவைத்த நிரல், அதற்குரிய கேள்வி எழும்வரை திறக்கப்படாமலே கிடக்கும்.

கேள்வி 1984இல் எழுந்தது. பிரிஸ்டலில் மைக்கேல் பெர்ரி, குவாண்டம் இயற்பியலில் இதே வடிவக் கட்டத்தைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். 1986இல் ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் பெங்களூரின் கரண்ட் சயன்ஸ் இதழில் பஞ்சரத்தினத்தின் பழைய கட்டுரையைச் சுட்டிக்காட்டினார்கள். அதுவும் ஓர் இந்திய இதழ்தான் என்பதைக் கவனியுங்கள். பெர்ரி தயங்கவில்லை. மறு ஆண்டே தனிக் கட்டுரை எழுதி, முன்னோடி யார் என்று சொன்னார்.

அந்தக் கட்டம் இன்று வேலைக்கு உதவுகிறது. இடத்துக்கு இடம் திசை மாறும் திரவப் படிகத் தகடு ஒன்றின் வழியே கற்றையைச் செலுத்தினால், அது திருகுப் படிக்கட்டு போன்ற அலைமுகத்தோடு வெளிவரும். 2006இல் நேப்பிள்ஸில் மர்ருச்சி குழுவினர் இதைச் செய்தார்கள். இத்தகைய கற்றை, தான் பிடித்த துகளை நடு அச்சைச் சுற்றி வலம் வரச் செய்யும். தகட்டின் பின்னாலுள்ள கணக்குக்குப் பஞ்சரத்தினம்-பெர்ரி கட்டம் என்று பெயர். ஆய்வுக் கட்டுரைகளில் அதைச் சுருக்கி 'பி.பி.' என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள். முதல் 'பி' பஞ்சரத்தினம்.