கண்ணாடித் தொட்டிக்குள் பவளம்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது. காலிஃபிளவர் பூப்போன்ற வடிவம். மேலெல்லாம் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள். பல ஆண்டுகளுக்கு முன் என் தாத்தா இராமேசுவரம் போய்த் திரும்பியபோது கொண்டுவந்த பவளக்கல் அது. சென்ற கோடையில் வீட்டுக்கு வந்த என் மாணவன் ஒருவன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், இது சாயம் போயிடுச்சா? வெளிநாட்டுல வீட்டுத் தொட்டியிலேயே பச்சையும் ஊதாவுமா பவளம் வளர்க்கிறாங்களே!" என்றான்.

அவன் வீட்டில் ஏற்கெனவே கப்பி மீன்கள் வளரும் தொட்டி ஒன்று உண்டு. கடலோர ஊரில் தெரிந்தவர் ஒருவர் உயிருள்ள பவளத்தைப் பாலித்தீன் பையில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். "வாங்கலாமா சார்?" என்பதுதான் அவன் கேட்க வந்த கேள்வி.

"வாங்காதே" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதை அவனுக்குச் சொன்னேன், வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

வாளியில் நடந்த மரணம்

முதலில் என் பிழையைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிச் சிறுவனாக இருந்தபோது மண்டபத்துக் கடற்கரையில் பாறையோடு ஒட்டியிருந்த கடற்சாமந்தி ஒன்றைப் பெயர்த்து, ஒரு பிளாஸ்டிக் வாளி கடல்நீரில் போட்டு, மூடி, திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தேன். மதுரையைத் தாண்டும்போதே அது சுருங்கிக் கிடந்தது. ஊர் வந்து சேர்ந்தபோது வாளியில் இருந்தது துர்நாற்றம் மட்டுமே.

கடற்சாமந்தி பவளத்தின் நெருங்கிய உறவு. பவளமும் ஒரு விலங்கே, செடியன்று, கல்லுமன்று. குழல் போன்ற உடலும், வாயைச் சுற்றி உணர்விழைகளும் உடைய பாலிப் எனும் சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி வாழ்கின்றன. தமக்கு அடியில் அவை கட்டிக்கொள்ளும் கால்சியம் கார்பனேட் வீடுதான் நாம் பவளக்கல் என்பது. நகைக் கடையில் விற்கும் சிவப்புப் பவளம் வேறு இனம்; அதில் நிறம் கூட்டிலேயே ஊறியிருப்பதால் உயிர் போன பின்னும் மங்காது. பவளத்திட்டுகளைக் கட்டும் இனங்களுக்கோ நிறம் சதையில் இருக்கிறது. சதை போனால் நிறமும் போகும். என் மாணவனின் முதல் கேள்விக்கு இதுவே விடை.

நீரை ஆற்றிய பணிப்பெண்

நான் வாளியில் தோற்ற காரியத்தில் ஒருவர் 1846-லேயே வென்றிருக்கிறார். இலண்டனைச் சேர்ந்த ஆனா தைன் என்ற பாதிரியாரின் மனைவி அவர். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கே என்னும் ஊரில் சில பவள உயிர்களைச் சேகரித்து, கல் ஜாடியில் இட்டு இலண்டனுக்குக் கொண்டுசென்றார். அவை புரளாதிருக்க ஒரு பெரிய கடற்பஞ்சின் மேல் ஊசி நூலால் தைத்தும் வைத்தாராம். புதுக் கடல்நீர் கிடைக்காத நகரத்தில் அவர் கண்ட வழி எளியது. திறந்த சன்னலருகே பணிப்பெண்ணைக்கொண்டு அந்த நீரைத் தினமும் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றச் செய்தார். நம் டீக்கடையில் தேநீர் ஆற்றுவது போலத்தான்! அங்கே சூடு தணிகிறது. இங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைகிறது. மறு ஆண்டு கடற்பாசிகளையும் சேர்த்தார். மூன்று ஆண்டுகள் அவருடைய பவளங்கள் உயிர் வாழ்ந்தன.

1850-இல் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலறிஞர் இதற்குரிய விதியை எடுத்துரைத்தார்: மீன் விடும் கரியமிலவாயுவைத் தாவரம் கொள்ளும், தாவரம் விடும் ஆக்சிஜனை மீன் கொள்ளும், அழுகலை நத்தை தின்னும். இரு பக்கமும் சமனானால் தொட்டி நிலைத்திருக்கும். 1853-இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. நம் சென்னை மெரினாவிலும் 1909-இல் ஒரு காட்சியகம் எழுந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆனா தைன் வளர்த்தது குளிர்கடலில் தனித்து வாழும் பவளம். அதற்கு வெயில் தேவையில்லை. மன்னார் வளைகுடாவில் இருப்பவை போன்ற வெப்பக்கடல் பவளங்களோ தொட்டிக்கு வந்தால் வெளுத்து மாய்ந்தன. ஆக்சிஜன் மட்டும் அவற்றுக்குப் போதவில்லை. வேறு என்ன வேண்டும்?

நிறம் யாருடையது?

இதற்கு விடை தேடியவர்களுள் முக்கியமானவர் சி. எம். யங். 1928-29-இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக்குச் சென்ற ஆய்வுக் குழுவின் தலைவர் அவர். பவளத்தின் சதைக்குள் நுண்ணிய ஒற்றைச்செல் பாசிகள் குடியிருப்பது முன்பே தெரிந்திருந்தது. யங் குழுவினர் பவளங்களை ஒளி புகாத பெட்டியில் அடைத்துப் பார்த்தார்கள். வெந்நீரில் வாட்டியும் பார்த்தார்கள். இரண்டிலும் பவளம் தன் பாசிகளை இழந்து வெளுத்தது.

இந்தப் பாசிகள் வாடகை தராத குடியினர் அல்ல. ஒளிச்சேர்க்கையால் தாம் செய்யும் உணவில் பெரும்பங்கைப் பவளத்துக்கே கொடுக்கின்றன. பவளத்தின் கழிவைத் தமக்கு உரமாகக் கொள்கின்றன. பவளத்தின் பழுப்பு நிறம் இவற்றுடையது. அப்படியானால் பச்சை, ஊதா, செம்மை?

அவை பவளத்தின் சொந்தச் சொத்து. பலாவு தீவில் ஆராய்ந்த ஜப்பானியரான சிரோ கவாகுத்தி பவளத்தின் பச்சை நிறமி பற்றி 1944-இல் எழுதினார். நியூ கலிடோனியாவின் நூமேயா நகரில் காட்சியகம் நடத்திய ரெனே கடாலா, ஆழத்துப் பவளங்கள் மீது புறஊதா ஒளியைப் பாய்ச்சியபோது அவை பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் சுடர்விடக் கண்டு, 1959-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார். இது ஃபுளோரசன்ஸ் எனப்படும் உடனொளிர்வு. குறுகிய அலைநீளமுள்ள ஒளியை விழுங்கி, சற்று நீண்ட அலைநீளத்தில் உமிழ்தல் அதன் இயல்பு. கடல்நீர் சிவப்பொளியை மேலேயே உறிஞ்சிவிடுகிறது. ஆழத்துக்கு இறங்குவது பெரும்பாலும் நீலமே. அந்த நீலத்தைத்தான் பவளம் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருகிறது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1999-இல், இதற்குக் காரணமான புரதங்களை மாஸ்கோ ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அவர்களுக்கு உயிரிகள் கிடைத்தது கடலிலிருந்து அல்ல. அதே நகரில் தொட்டி வைத்திருந்த ஓர் ஆர்வலரிடமிருந்து! அன்று கிடைத்த சிவப்புப் புரதம், ஜெல்லி மீனின் பச்சைப் புரதத்தோடு சேர்ந்து, உயிருள்ள செல்லுக்குள் நடப்பதைக் காட்டும் விளக்காக இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது.

சுண்ணாம்புத் தெளிநீர்

இனி தொட்டிக்குத் திரும்புவோம். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் 1961-இல் தம் எளிய முறையை வெளியிட்டார். நுண்ணுயிர்கள் குடியேறிய பவளத்திட்டுக் கற்கள், சூரிய ஒளி, மெல்லிய காற்றுக்குமிழிகள் ஆகியவையே அவருடைய கருவிகள். கல்லிலுள்ள பாக்டீரியாக்கள் நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும்.

1970, 80-களில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் இதனோடு மூன்றைச் சேர்த்தார்கள். வெயிலில்லாத நாட்டில் வெயிலுக்கு ஈடாக வலிய மெட்டல் ஹாலைடு விளக்கு. நுரையோடு அழுக்கை வெளியேற்றும் கருவி. மூன்றாவதாகச் சுண்ணாம்புத் தெளிநீர். ஆம், வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவைத்தது! பவளம் கூடு கட்டக் கட்ட நீரிலுள்ள கால்சியம் குறையும். கடல் பெரியது, குறைவு தெரியாது. தொட்டியிலோ ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் என்ற அளவு சில வாரங்களில் சரிந்துவிடும். தெளிநீர் சொட்டுச்சொட்டாக அதை ஈடுசெய்தது. பவளங்கள் தழைத்தன, ஒரு கிளையை ஒடித்துக் கட்டி வைத்தால் புதுப் பவளமாயிற்று.

நிறத்தின் இரகசியமும் அவர்களுக்குப் படிப்படியாகப் புலப்பட்டது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் பாசி பெருகிப் பவளம் பழுப்பேறும். அவை அறவே இல்லாவிட்டால் பாசி பட்டினி கிடந்து பவளம் வெளிறும். சாயம் எதுவும் ஊற்றி நிறத்தை வரவழைக்க முடியாது. ஒளி, உப்பு, சூடு, சுண்ணாம்பு, உரம் ஆகிய ஐந்தும் நாள்தோறும் ஒரே அளவில் நின்றால், நிறம் தானே வரும்.

திண்டுக்கல் கோடையும் ஒரு கணக்கும்

"ஒரே அளவில் நிற்க வேண்டும்" என்று சொல்வது எளிது. 200 லிட்டர் தொட்டி ஒன்றைத் திண்டுக்கல்லில் வைப்போம். அந்த நீரின் சூட்டை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 840 கிலோஜூல் போதும். 100 வாட் விளக்கின் ஆற்றல் முழுவதும் நீரில் இறங்கினால் இரண்டு மணி இருபது நிமிடத்தில் ஒரு பாகை ஏறிவிடும். வெளியே சித்திரை வெயில் வேறு.

மண்பானைத் தத்துவத்தைக் கையாளலாமே என்பீர்கள். சரி, ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் போகும், கணக்குப்படி தொட்டி மூன்று பாகை வரை குளிரலாம். ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கும். தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் 7 கிலோ உப்பு இருக்கிறது. நாளுக்கு 4 லிட்டர் வீதம் ஐந்து நாள் ஆவியாகி, நீங்கள் கவனிக்கவில்லையென்றால், 35 கிராம் ஏறத்தாழ 39 ஆகிவிடும். நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றி ஈடுசெய்தால், கொதிகலத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கடினநீர் உப்புகளும் சேரும். வாலை வடிநீர்தான் ஊற்ற வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மண்டபத்தில் கூடிய அறிஞர்கள்

நமக்கு அருகிலுள்ள மண்டபத்துக்கு இந்த வரலாற்றில் ஒரு சிறப்பிடம் உண்டு. 1969 ஜனவரியில் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் மண்டபம் முகாமில் பவளங்கள் பற்றிய கருத்தரங்கு ஒன்றை நடத்தியது. இன்று உலகின் பல நாடுகளில் மாறி மாறி நடக்கும் பன்னாட்டுப் பவளத்திட்டு மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது அதுவே. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சி. எஸ். கோபிநாத பிள்ளை இப்பகுதிப் பவள இனங்களை எண்ணி வகைப்படுத்தினார்.

ஆனால் அதே காலத்தில் வள்ளங்கள் அதே பவளத்தை வெட்டி ஏற்றிக்கொண்டிருந்தன. சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவதற்குத்தான்! பெர்லினில் சுண்ணாம்பைக் கொடுத்துப் பவளம் வளர்த்தார்கள். நாம் பவளத்தைக் கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கினோம். வள்ளம் ஓட்டியவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அந்தச் சுண்ணாம்பு ஊர்களுக்குள் வந்தது, சுவர்களில் ஏறியது. மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் மூழ்கிவிட்டதற்குப் பவளம் வெட்டியதும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

1986-இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் திட்டு கட்டும் கல்பவளங்கள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அன்று பவளத்துக்கும் கிடைத்தது. ஆகவே கடலிலிருந்து பவளத்தைப் பெயர்ப்பதும் பாலித்தீன் பையில் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

பெரிய தொட்டி

வெட்டுவது நின்றது. ஆனால் சூடு நிற்கவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடைகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2016-இல் மட்டும் உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டறிந்தனர். யங் பெட்டியில் செய்து பார்த்த சோதனையை இன்று நாம் கடலிலேயே செய்துகொண்டிருக்கிறோம். இயல்பான கோடைச் சூட்டுக்கு மேல் ஓரிரு பாகை சில வாரங்கள் நீடித்தால் போதும். பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. அதே நிறுவனத்தார் 2002 முதல் பவளக் கிளைகளை வேறு அடித்தளங்களில் கட்டி நட்டு வருகிறார்கள். ஒடித்துக் கட்டும் அந்த முறை கண்ணாடித் தொட்டி ஆர்வலர்களுக்கும் பழகியதே.

என் மாணவனிடம் பவளம் வாங்க வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் ஒரு வெப்பமானி வாங்கச் சொன்னேன். ஒரு மாதம் அவன் தன் கப்பித் தொட்டியின் சூட்டைக் காலையும் மாலையும் நோட்டில் குறித்தான். சில நாள்களில் நான்கு பாகை வரை வேறுபாடு இருந்தது. "கப்பி தாங்கிடுது சார். பவளம் தாங்கியிருக்காது" என்றான். அந்தப் பாலித்தீன் பை அதன் பின் வரவில்லை.

போகும்போது அலமாரியிலிருந்த வெள்ளைக் கல்லை மீண்டும் பார்த்தான். "அப்போ இது சாயம் போன கல் இல்ல சார். ஆள் போன வீடு" என்றான். அவன் சொன்னது சரி.